சுக்கானியின் கொப்பி

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கிறோம்.

தரம் பத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தோம். கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எழும்பினான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை தகப்பனின் தொலைபேசிக்கு வருமாம். கடல் அலை 2.5 முதல் 3 மீற்றர் வரை எழலாம் என்று அதில் இருக்குமாம். "சேர், கடலுக்குள்ள போய் அடிமட்டம் வச்சு அளந்தது ஆர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டு, செய்மதி, மிதவை, கணினி என்று மூன்று சொல்லில் பதில் சொல்லி மணி அடிக்கும் வரை சமாளித்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இருநூறு வருட நீளம். அதில் பெரும்பகுதி செய்மதிக்கு முந்தியது. கப்பல் மேல்தட்டில் நின்று வெறும் கண்ணால் கடலைப் பார்த்து எழுதி வைத்தவர்களின் கதை அது. அதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் எழுத்தில் இல்லை.

முதலில் ஒரு விஷயம். கடலில் தெரியும் அலை எல்லாம் ஒரே இனம் இல்லை. இப்போது வீசும் காற்று இந்த இடத்திலேயே எழுப்பும் அலை ஒன்று. அது குட்டை, கூர், ஒழுங்கில்லாதது, தலையில் நுரை. மற்றது எங்கோ தொலைவில் வீசிய புயல் எழுப்பி, காற்று நின்ற பின்னும் தன் பாட்டில் ஓடி வரும் அலை. அது நீளம், உருண்டை, ஒரு தாளத்தோடு வரும். ஆங்கிலத்தில் இதை ஸ்வெல் என்பார்கள். நாம் இங்கே தூர அலை என்று சொல்லிக்கொள்வோம். காற்றே இல்லாத காலையிலும் பருத்தித்துறை முனையில் வள்ளம் ஏறி இறங்குகிறதே, அது இதுதான். சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்த நம் ஊர்க் கடலோடிகள் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பியதில்லை. விஞ்ஞானம் இரண்டையும் பிரித்து எழுதத் தொடங்கியது மிகப் பிந்தித்தான்.

நமது கடலில் கப்பல்கள் பட்ட பாட்டுக்கு மிகப் பழைய எழுத்துச் சான்று நயினாதீவில் இருக்கிறது. நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள அந்தத் தமிழ்க் கல்வெட்டு பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு போட்ட கட்டளை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. அதற்குப் பிறகு வருவதுதான் எங்களுக்கு முக்கியம். யானை, குதிரை கொண்டு வரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. சரக்குக் கொண்டு வரும் மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. மரக்கலம் எப்போதாவது ஒருமுறை உடைந்திருந்தால் கல்லில் வெட்டிச் சட்டம் போட்டிருப்பார்களா?

இப்னு பதூதாவைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் போகக் கப்பலேறினார். கப்பலில் தேர்ந்த மாலுமி இல்லை. ஒன்பது நாள் கடலில் கிடந்து, தூரத்தில் புகைத்தூண் போல எழுந்து நின்ற மலையைப் பார்த்துத்தான் இது செரண்டீப் என்று அறிந்தார்கள். அதுதான் பாவா ஆதம் மலை. புத்தளத்தில் இறங்கியவரை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி வரவேற்று உபசரித்தார். மலைக்குப் போய்த் திரும்பி மஃபருக்குக் கப்பலேறியபோது காற்றுப் பிடித்தது. கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் மாட்டிக்கொண்டது. பாய்மரத்தை வெட்டிப் போட்டார்கள். மற்றவர்கள் கரைக்குப் போக, அவர் இரவு முழுவதும் கப்பலின் பின்பக்கத்திலேயே இருந்தார். ஆழம் குறைந்த கடலில் அலை எப்படிக் கொடியதாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

அந்தக் காலத்து அறபு மாலுமிகள் கடலை எழுதி வைத்தார்கள்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் இப்னு மாஜித், அவருக்குப் பின் சுலைமான் அல்மஹ்ரி. எந்தத் துறையிலிருந்து எந்த நாளில் புறப்படலாம், எப்போது கடல் மூடும் என்று நைரூஸ் புத்தாண்டிலிருந்து நாள் எண்ணிக் குறித்தார்கள். ஐரோப்பியர் மொன்சூன் என்று சொல்வது மவ்சிம் என்ற அறபுச் சொல்தான், பருவம் என்று பொருள். ஆனால் அவர்கள் எழுதியது பயணத்துக்கான அறிவு. இன்று இந்த இடத்தில் அலை எவ்வளவு உயரம் என்று நாளாந்தம் பதிவு செய்வது வேறு வேலை. அது பிறகு வந்தது.

அந்த வேலையின் முதல் பெரிய அடி பக்கத்திலேயே, வங்காள விரிகுடாவில் விழுந்தது. கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்று ஒருவர் இருந்தார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவர். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அதில் அகப்பட்ட கப்பல்களின் குறிப்புப் புத்தகங்களைத் தேடி வாங்குவார். எந்த மணிக்குக் காற்று எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கமிருந்து வந்தது, கப்பல் எங்கே நின்றது என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டுப் பார்ப்பார். 1844 நவம்பரில் பிரிட்டன், ரனிமீட் என்ற இரண்டு படைக் கப்பல்கள் கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்று சிட்னியிலிருந்து, மற்றது இங்கிலாந்திலிருந்து. இரண்டும் ஒரே புயலில் அகப்பட்டு, ஒன்றை ஒன்று அறியாமல், அந்தமானில் ஒரே கரையில் அருகருகே தூக்கி எறியப்பட்டன. விடிந்த பிறகுதான் பக்கத்தில் இன்னொரு கப்பல் கிடப்பதைக் கண்டார்கள். பிடிங்டன் இதையும் ஆராய்ந்தார். புயல் என்பது நேர்கோட்டில் வீசும் காற்றில்லை, சுற்றும் காற்று என்பதை வலியுறுத்தி, 1848இல் வெளிவந்த நூலில் அதற்கு சைக்ளோன் என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க இன்று சொல்லும் சொல் நம் விரிகுடாவில் நொறுங்கிய கப்பல்களின் குறிப்புகளிலிருந்து பிறந்தது.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி மத்தியூ மோரி இதை உலக அளவில் செய்தார். கடற்படைக் கிடங்கில் தூசு படிந்து கிடந்த பழைய குறிப்புப் புத்தகங்களைத் திறந்து 1847 முதல் காற்று, நீரோட்டப் படங்கள் வெளியிட்டார். அவர் யுக்தி எங்களுக்குப் பிடித்தது. உன் கப்பலின் குறிப்பை நிரப்பித் தா, படத்தை இலவசமாக எடுத்துக்கொள் என்றார். 1853இல் பிரசல்ஸ் நகரில் பத்து நாடுகள் கூடி, கப்பல்கள் எல்லாம் ஒரே மாதிரி எழுதவேண்டும் என்று படிவம் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டன. அடுத்த வருடமே பிரித்தானியாவில் வானிலை அலுவலகம் தொடங்கியது.

போபோர்ட் அளவு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1806இல் பிரான்சிஸ் போபோர்ட் தன் நாட்குறிப்பில் எழுதியபோது அது கடலின் அளவே இல்லை. ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம் என்பதை வைத்துக் காற்றை எண்ணினார். நீராவிக் கப்பல் வந்தது, பாய் போனது, அளவுகோலும் கூடவே போனது. அப்போது எதைப் பார்ப்பது? கடலைத்தான். 1927இல் பீட்டர்சன் என்ற ஜேர்மன் கப்டன் ஒவ்வொரு எண்ணுக்கும் கடலின் முகத்தை விவரித்துக் கொடுத்தார். இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை நுரை என்றால் மூன்று, அடிக்கடி நுரை என்றால் நான்கு. நான்கு என்றால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர் வரை. கருவியில்லாமல் கடலே காற்றின் கருவியானது.

உலகக் கடல்களில் ஓடிய வணிகக் கப்பல்கள் இதைக் காசு வாங்காமல் செய்தன. கிரீன்விச் நேரப்படி ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. எங்கள் நேரத்தில் காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. 1950 அளவில்தான் காற்றலையையும் தூர அலையையும் தனித்தனியாக எழுதச் சொன்னார்கள். உயரம் அரை மீற்றர் கணக்கில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம் செக்கனில். 1953 முதல் 1961 வரையான குறிப்புகளை நீல் ஹொக்பென், பிரெட் லம்ப் என்ற இருவர் தொகுத்து 1967இல் ஒரு பெரிய புத்தகமாகப் போட்டார்கள். கப்பல் கட்டுவோருக்கு அது நீண்ட காலம் கைநூல். 1980களின் நடுவில் இப்படி எழுதிய கப்பல்கள் உலகில் 7,000க்கு மேல். பிறகு வந்த மொஸ்கோ ஆய்வாளர்கள் குலேவும் கிரிகோரியேவாவும் இதே கண்ணளவுக் குறிப்புகளைத் துப்புரவு செய்து, பெரிய கப்பல் பாதைகளில் 1880களின் நடுவிலிருந்து அலை எப்படி மாறி வந்தது என்று கணித்தார்கள்.

கண்ணளவை நம்பலாமா என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. பிழைகள் உண்டு. இருட்டில் தெரியாது. புயல் என்று தெரிந்தால் கப்பல் விலகிவிடும், அதனால் மிக மோசமான கடல் கணக்கில் குறைவாகவே விழும். தூர அலை காற்றலைக்குள் மறைந்துவிடும். ஆனாலும் ஓர் அதிசயம். இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்க அலையை முன்கூட்டிச் சொல்லவேண்டி வந்தபோது, ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இருவர் கலிபோர்னியாவில் இதைக் கணக்காக்கினார்கள். பழகிய மாலுமி ஒருவன் பார்த்துச் சொல்லும் உயரம் எல்லா அலைகளின் சராசரி இல்லை என்பது தெரிந்தது. உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிக்குக் கிட்ட அது நிற்கிறது. கண் சின்ன அலைகளைத் தானாகவே கழித்துவிடுகிறது. உலகம் அந்த மாலுமியின் கண்ணையே அளவாக எடுத்துக்கொண்டது. இன்று செய்மதி சொல்வதும், உங்கள் தொலைபேசிக்கு வரும் 2.5 மீற்றரும் இந்தக் கணக்குத்தான்.

இதைக் கடலுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 2.5 மீற்றர் என்றால் அதற்கு மேல் அலை வராது என்று அர்த்தம் இல்லை. அதே கடலில் இடைக்கிடை அதன் இரண்டு மடங்குக்குக் கிட்டிய தனி அலையும் எழும். நாலரை மீற்றர் அலை ஒன்று பைபர் வள்ளத்துக்கு என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

தூர அலை எவ்வளவு தூரம் ஓடும் என்பதையும் மங்க் தான் காட்டினார். 1956இல் மெக்சிக்கோவின் குவாடலூப் தீவருகே பதிவான அலைகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அவற்றில் சில நமது இந்து சமுத்திரத்தின் தென்கோடிப் புயல்களில் பிறந்தவை என்று தெரிந்தது. பூமியின் அரைச் சுற்று! பதினைந்து செக்கனுக்கு ஒருமுறை வரும் அலை ஆழ்கடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தன் சக்தியைக் கொண்டு ஓடும். தென்சமுத்திரப் புயலின் அலை ஆறு நாளில் இலங்கையின் தென்கரையைத் தொடும். கேரளத்து மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். வானம் தெளிவாக இருக்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வீட்டுக்குள் ஏறும். 2005 மேயில் தென்னிந்தியக் கரையில் அது நடந்தது. இப்போது யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மீனவரின் சொல் விஞ்ஞானத்தின் சொல்லாகியது.

இனி நம் கடலுக்கு வருவோம்.

1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1885இல் கொழும்பின் அலைதடுப்பு அணை முடிந்தது. அதன் பிறகு நீராவிக் கப்பல்கள் கொழும்பில் கரி ஏற்றி, தெவுந்தர முனையைச் சுற்றிக் கிழக்கே போயின. அந்தப் பாதையில் கப்பல் குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன. பாக்குநீரிணையிலோ பெரிய கப்பலுக்கு வழியில்லை. மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் மணல் திட்டுகள். பாக்குக் குடாவின் பெரும்பகுதி பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழம். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போன கப்பலும் இலங்கையைச் சுற்றித்தான் போனது. ஆகவே உலகத்துக்கே கடலை எழுதிக் கொடுத்த அந்தப் படங்களில் நம் முன்வாசல் கிட்டத்தட்ட வெற்றிடம். கரை இரண்டு பக்கமும் நெருங்கிய குறுகிய கடலில் செய்மதியின் அளவும் கரையோரத்தில் தடுமாறும்.

தெற்கிலிருந்து வரும் நீண்ட தூர அலையை அந்த மணல் திட்டுகள் தடுத்துவிடுகின்றன. அது நமக்கு அல்லாஹ் தந்த அணை. ஆனால் உள்ளே காற்று எழுப்பும் அலை வேறு விதத்தில் பொல்லாதது. ஐந்து செக்கன் அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 40 மீற்றர். அதன் பாதி ஆழத்திலேயே அது அடித்தளத்தை உணரத் தொடங்கும். ஆழமில்லாத கடலில் அலை குறுகி, செங்குத்தாகி, ஒன்றின் பின் ஒன்றாக அடிக்கும். வடமராட்சி கிழக்குக் கரையில் கதை வேறு. அங்கே வாடைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் தூர அலை நேரே வந்து மோதும். குருநகரில் இருப்பவருக்குத் தெரிந்த கடலும் கட்டைக்காட்டில் இருப்பவருக்குத் தெரிந்த கடலும் ஒன்றல்ல. ஒரே எச்சரிக்கைதான் இரண்டு பேருக்கும் வருகிறது.

இந்தக் கடலை அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற இரண்டு பாய்மரக் கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். தண்டயல் தம்பிப்பிள்ளையும் ஊரவர்களும் அதைச் சுயஸ் வழியாகவும் அத்திலாந்திக் கடந்தும் ஓட்டி, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். தொண்ணூறு அடிக்கும் குறைந்த கப்பல். அத்திலாந்திக்கின் தூர அலையை அவர்கள் காலால் அளந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். பாய்க் கப்பலின் தண்டயலுக்குக் கடல் மனப்பாடம். எழுதி வைக்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. இன்று நமக்கு இருக்கிறது.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் எழுதினார். வாப்பாவின் மூத்த சகோதரர், நாங்கள் பெரியவாப்பா என்போம். 1950களில் நீராவிக் கப்பல்களில் சுக்கானியாக இருந்தவர். சுக்கானைப் பிடிப்பவன் கைக்குக் கப்பல் ஏறுவதும் இறங்குவதும் முதலில் தெரியும் என்பார். குறிப்பு எழுதும் நேரம் வந்தால் வெள்ளைக்கார அதிகாரி இவரைத் திரும்பிப் பார்ப்பாராம். இவர் விரலைக் காட்டுவாராம். அதிகாரி அதை எழுதிக் கையெழுத்து வைப்பாராம். கடலில் ஒரு நுரைத் துண்டைப் பிடித்துக்கொண்டு, அது மேலே வந்ததிலிருந்து அடுத்த முறை மேலே வரும் வரை சுப்ஹானல்லாஹ் என்று எண்ணுவார். ஒன்று ஒரு செக்கன். பதினொன்று, பன்னிரண்டு வந்தால் தூர அலை. நான்கு, ஐந்து என்றால் இங்கத்தைய காற்று. பிற்காலத்தில் நாங்கள் வானிலைக் கையேடு ஒன்றைப் பார்த்தபோது அதிலும் நுரைத் துண்டைப் பார்த்து எண்ணும்படியே இருந்தது. சுப்ஹானல்லாஹ் மட்டும் இல்லை.

ஓய்வு பெற்று சோனகத் தெருவுக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பண்ணைப் பக்கம் போவார். தோணிக்காரர்களிடம் நெடுந்தீவுப் பக்கம் கடல் எப்படி என்று கேட்பார். இரவு வந்து ஒரு கொப்பியில் எழுதுவார். அறபுத் தமிழில்தான் எழுதுவார். தேதி, காற்று, எண்ணிக்கை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த நாட்களுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார் என்று உம்மா சொல்லுவா. சிறுவயதில் நாங்கள் அந்தக் கொப்பிகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். றங்குப் பெட்டி நிறைய இருந்தன.

1990 ஒக்டோபர் 30. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை, இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகவேண்டும் என்றபோது கொப்பியை யார் நினைப்பார்? புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் பெரியவாப்பா வீட்டை விட அந்தப் பெட்டியைத்தான் அதிகம் கேட்டார். அங்கேயே மௌத்தானார். நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை. பெட்டியும் இல்லை.

அந்தக் கொப்பிகளில் பிழை இருந்திருக்கும். ஒரே ஆள், ஒரே கரை, கேள்விப்பட்டு எழுதியது பாதி. ஆனால் இருபது வருடத்துக்கு மேலான பாக்குநீரிணையின் கடல் அதில் இருந்தது. ஒரு பாதையில் போன ஆயிரம் கப்பல்களின் அரைகுறைக் குறிப்புகளிலிருந்து நூறு வருட அலையைக் கணக்கிட்டுவிட்டார்கள் என்று வாசிக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

வகுப்பில் இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். கடலோரத்தில் வீடுள்ள பிள்ளைகள் ஐந்து பேர் மாலை 5.30க்குக் கடலைப் பார்த்து எழுதுகிறார்கள். காற்று எந்தப் பக்கம், நுரை இருக்கிறதா, இரண்டு முகட்டுக்கிடையில் எத்தனை செக்கன். கேள்வி கேட்ட பிள்ளைதான் கொப்பிக்குப் பொறுப்பு. முதல் நாள் ஒரு பிள்ளை அலை பத்து மீற்றர் என்று எழுதியிருந்தது, தகப்பனிடம் காட்டி ஒன்றாகத் திருத்திக்கொண்டு வந்தது.

கேட்க வந்த உதவி இதுதான். குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, மன்னார், கற்பிட்டி, எங்கிருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் தண்டயல், சுக்கானி, சம்மாட்டி யாராவது எழுதி வைத்த கொப்பி, நாட்குறிப்பு, கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மீன் கணக்குக்குப் பக்கத்தில் இன்று கடல் இல்லை என்று ஒரு வரி இருந்தாலும் அது எங்களுக்குப் பெரிய விஷயம். தமிழ், அறபுத் தமிழ், எந்த எழுத்தானாலும் வாசிக்க ஆள் இருக்கிறது. புத்தகத்தைத் தரவேண்டாம். பக்கங்களைப் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்பினால் போதும். எழுத்தில்லை, ஆனால் ஞாபகமாகச் சொல்லக்கூடிய பெரியவர் இருக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்களே வருகிறோம்.